மிட்மார் அணைக்கு எது சரி: பான்டூன் படகா, சின்ன மீன்பிடிப் படகா?

மாரிட்ஸ்பர்க்வாசி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென் ஆப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கோடை தொடங்குவதற்குள் ஒரு படகு வாங்குவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். ஆறு பேர் போக வேண்டும்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, மாமனார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்குவது சிரமம். மாமனார் டர்பன் கடற்கரையில் ஷாட் மீன் பிடித்து வளர்ந்தவர், தூண்டில் இல்லாமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடாது.

பெரும்பாலும் மிட்மார் போவோம், சில வாரம் ஆல்பர்ட் பால்ஸ் அணை. பள்ளி விடுமுறையில் ஜோசினி அணைக்கும் போக ஆசை. இரண்டு பழைய படகுகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஆறு மீட்டர் பான்டூன்: இரண்டு அலுமினியக் குழாய் மேல் தட்டையான தளம், அதற்கு மேலே துணிக்கூரை, 60 எச்பி எஞ்சின். இன்னொன்று நாலரை மீட்டர் அலுமினியப் படகு: அடிப்பக்கம் 'வி' வடிவம், முன்னால் நின்று தூண்டில் வீசத் தளம், 40 எச்பி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இழுக்க என்னிடம் ஹைலக்ஸ் பக்கி (பிக்-அப் வண்டி) இருக்கிறது.

மாமனார் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி: இதில் ஏதாவது ஒன்றைக் கடலுக்கும் கொண்டுபோக முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

டோங்காட் கடலோடி (டோங்காட்)

தம்பி, கடல் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. இரண்டிலும் முடியாது.

நம் குவாசூலு-நட்டால் கரையில் படகு இறக்குவது என்றால் பெரும்பாலான இடங்களில் உடைகிற அலையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஷெல்லி பீச்சோ ராக்கி பேயோ உம்கோமாஸ் ஆற்றுவாயோ, ஒரு சனிக்கிழமை காலை போய் நின்று பாருங்கள். ஸ்கி-போட் (இங்கே கடலில் மீன் பிடிக்கும் படகு) ஓட்டுகிறவர் அலை உடைகிற இடத்துக்குக் கரைப் பக்கமாகக் காத்திருப்பார். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்ததும் இடைவெளி பார்த்து ஒரே மூச்சில் வெளியேறுவார். அந்த நேரத்தில் எஞ்சின் ஒன்று நின்றால் இன்னொன்று வேண்டும். அதனால்தான் அந்தப் படகுகளில் இரண்டு எஞ்சின் இருக்கும். மூக்கு உயர்ந்திருக்கும், உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே வழிந்துவிடும்.

பான்டூனுக்கு மூக்கே கிடையாது. தளம் தட்டை, முன்பக்கம் அலைக்குள் குத்தினால் தண்ணீர் தளத்தின் மேலேயே ஏறும். இரண்டு குழாய்க்கும் நடுவே அலை புகுந்து தளத்தின் அடியில் அறையும். அலை உடைகிற இடத்தில் அதைக் கொண்டுபோவதை நினைத்துப் பார்க்கவே கூடாது. ஒற்றை எஞ்சின் போட்ட நாலரை மீட்டர் அணைப் படகும் அதற்காகச் செய்தது அல்ல.

மாமனாருக்கு ஷாட்தான் வேண்டுமென்றால் படகே தேவையில்லை, கரையிலிருந்தே பிடிக்கலாம். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தடை. மற்ற மாதங்களில் ஆளுக்கு நாலு, 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல். ஸ்லிங்கர், கூட்டா மாதிரி வெளிக்கடல் மீன் வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள ஸ்கிப்பர் (படகோட்டி) ஒருவரோடு துணையாகப் போகட்டும். டீசல், தூண்டில் இரை செலவைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

ஆக உங்கள் கேள்வி அணைக்கான கேள்வி மட்டும். அதைப் பற்றி என்னைவிட உள்நாட்டுக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

---

ஆல்பர்ட் பால்ஸ் பாஸ் (ஹோவிக்)

உள்நாட்டுக்காரன் வந்துவிட்டேன். என் ஓட்டு மீன்பிடிப் படகுக்கு.

ஆல்பர்ட் பால்ஸில் பாஸ் மீன் எங்கே இருக்கும்? நாணல் ஓரம், மூழ்கிய மரங்களின் இடுக்கு, பாறை முனை. அங்கே சத்தமில்லாமல் நகர்ந்து ஓரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நின்று அதே இடத்தில் மறுபடி மறுபடி தூண்டில் வீச வேண்டும். முன்னால் பொருத்தும் மின் மோட்டார் சின்னப் படகை அழகாகப் பிடித்து வைக்கும். பான்டூனில் அதே மோட்டார் திணறும், ஏனென்றால் கூரையும் பக்கத் தடுப்புகளும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் இடுப்பளவு கம்பி இருப்பதால் தாழ்வாகப் பக்கவாட்டில் வீசவும் முடியாது. மீனைத் தூக்கும்போது வலைக்கு நீளமான கைப்பிடி வேண்டும்.

இன்னொரு விஷயம். நாலரை மீட்டர் அலுமினியப் படகை ஒரே ஆள் ஸ்லிப்வேயில் (படகு இறக்கும் சரிவில்) இறக்கி, கட்டி, பக்கியை நிறுத்திவிட்டு வந்து கிளம்பலாம். மனைவிக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாலும் நீங்களும் மாமனாரும் விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பலாம். பான்டூன் என்றால் அது ஒரு நாள் ஏற்பாடு. பெரிதாக இருப்பதால் அடிக்கடி போகத் தோன்றாது, வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும்.

---

சாட்ஸ்வொர்த் அக்கா (டர்பன்)

தம்பி எழுதியதை மறுபடி படித்தேன். ஆறு பேர், அதில் முழங்கால் வலி உள்ள அம்மா. பாஸ்காரத் தம்பி அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே.

'வி' அடிப் படகில் ஏறும்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கச் சுவரைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வைத்த காலில் எடை விழுந்ததும் படகு அந்தப் பக்கம் சாயும். நமக்கு அது ஒன்றுமில்லை. முழங்கால் நம்பிக்கை இல்லாத ஒருவருக்கு அந்த ஒரு நொடி போதும், அடுத்த வாரம் "நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்" என்பார். பான்டூனில் கதவைத் திறந்தால் தளம் துறைப்பலகைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், வீட்டுத் திண்ணையில் ஏறுவது போலத்தான். உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் உண்டு. நிழலும் உண்டு, ஜனவரி வெயிலில் நிழல் இல்லாமல் நாலு மணி நேரம் யார் இருப்பது?

பான்டூனில் மீன் பிடிக்க முடியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்று வைத்திருக்கிறோம். நான்தான் அதிகம் தூண்டில் போடுகிறேன். மீலிமீல் (மக்காச்சோள) மாவைக் கெட்டியாகப் பிசைந்து கொஞ்சம் வெனிலா சேர்த்து உருண்டை பிடித்தால் கெண்டை வரும். கோழி ஈரலுக்கு பார்பல் (கெளுத்தி) வரும். இரண்டுமே காத்திருந்து பிடிக்கிற மீன். நங்கூரம் போட்டு நிற்க வேண்டும், கோலைத் தாங்கியில் வைக்க வேண்டும், பிள்ளைகள் அங்குமிங்கும் நடந்தாலும் படகு ஆடக் கூடாது. அதற்குப் பான்டூனைவிட நல்ல மேடை இல்லை. பார்பல் குழம்புக்குப் புளி கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் மண்வாசனை போய்விடும், அது வேறு கதை.

---

மாரிட்ஸ்பர்க்வாசி

அக்கா, நன்றி. அம்மா வருவாரா மாட்டாரா என்பதுதான் எனக்கு முக்கியம். கடலோடி அண்ணா, கடல் விஷயம் தெளிவாகிவிட்டது, மாமனாரிடம் அப்படியே படித்துக் காட்டினேன்.

காற்றுதான் இப்போது கவலை. மிட்மாரில் மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் பான்டூன் என்ன ஆகும்? அப்புறம் லைசென்ஸ், சான்றிதழ் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றேதானா?

---

வால் அணைக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். வால் அணையில் ஒரு நண்பரின் பான்டூனையும் என் சின்னப் படகையும் மாறி மாறி ஓட்டுகிறேன். காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பான்டூன் வாங்குகிறவர்கள் விற்பனைக்காரரிடம் கேட்க மறக்கும் விஷயம் இதுதான்.

அணைத் தண்ணீரில் எழும் அலை கடல் அலை மாதிரி நீளமாக இருக்காது. குட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக வரும். காற்று எவ்வளவு நீளத் தண்ணீரைத் தடையில்லாமல் கடந்து வருகிறதோ அவ்வளவு உயரும். வால் அணை அகலம் என்பதால் அங்கே அது சீக்கிரம் மோசமாகும். மிட்மார் அதைவிடச் சின்னது. இரண்டு குழாய்ப் பான்டூன் அந்தக் குட்டை அலையில் வேகத்தைக் குறைத்து மெல்லப் போனால் தாங்கும். முன்பக்கம் எல்லோரும் கூடி நின்றிருந்தால் மூக்கு தாழ்ந்து அலைக்குள் இறங்கும். எனவே காற்று எழுந்ததும் முதல் வேலை, ஆட்களையும் ஐஸ் பெட்டியையும் நடுவிலும் பின்னாலும் மாற்றி உட்கார வைப்பது. அலையை நேராக ஏற்காமல் கொஞ்சம் சாய்வாக ஏற்க வேண்டும். மூன்று குழாய் உள்ளவை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் எடையும் விலையும் கூடும்.

உண்மையான தொல்லை துறைக்கு வரும்போதுதான். கூரை விரித்த பான்டூன் பக்கக் காற்றில் நழுவிக்கொண்டே போகும். கூரையை மடக்கிவிடுங்கள், காற்றை எதிர்கொண்டபடி வாருங்கள், மெல்ல வந்தாலும் எஞ்சின் விசையை முழுவதும் நிறுத்திவிடாதீர்கள், தண்ணீரைத் தள்ளும் விசை இல்லாமல் திருப்ப முடியாது. நங்கூரத்தை எப்போதும் முன்பக்கத்திலிருந்து போடுங்கள். பின்பக்கம் கட்டினால் எஞ்சின் இருக்கும் தாழ்ந்த பக்கம் அலையை வாங்கும். மீன் பிடிக்கப் படகு சுற்றாமல் நிற்க வேண்டுமானால், அமைதியான நாளில் மட்டும் இரண்டாவது நங்கூரம் பின்னால் போடலாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் உங்கள் பக்கம் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து வரும் பெர்க் காற்று சூடாக அடித்துவிட்டு, திடீரென்று தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை, சில நாள் ஆலங்கட்டி. இரண்டு படகுமே அலுமினியம், நடு அணையில் உயரமான பொருள் நீங்கள்தான். முதல் இடிச் சத்தத்துக்கே கரைக்குத் திரும்புங்கள். சின்னப் படகு சீக்கிரம் திரும்பிவிடும், பான்டூனுக்கு நேரம் ஆகும், அதற்கேற்ப முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

இன்னொன்று, உயரம். மிட்மார் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. சாதாரண எஞ்சின் 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். ஆக உங்கள் 60 எச்பி அங்கே 54 மாதிரிதான் வேலை செய்யும். ஆறு பேர், எரிபொருள், சாப்பாடு எல்லாம் ஏற்றிய பான்டூனுக்கு அது நிதானமாகப் போகப் போதும். பிள்ளைகளை டியூபில் கட்டி இழுக்க நினைத்தால் போதாது. டர்பன் மட்டத்தில் ஓடிய எஞ்சின் என்றால் புரொப்பெல்லரின் பிட்சை (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரத்தை) கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம்.

---

டோங்காட் கடலோடி

காகிதங்களைப் பற்றி நான் சொல்கிறேன். இது அணைக்கும் உண்டு, கடலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

15 எச்பிக்கு மேல் எஞ்சின் போட்ட எந்தப் படகையும் ஓட்டுகிறவருக்கு ஸ்கிப்பர் சான்றிதழ் வேண்டும். உங்கள் இரண்டு படகும் அதில் அடங்கும். சாம்சா (தென் ஆப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்) விதிகளில் அணை, ஏரி மாதிரி அடைந்த தண்ணீருக்கு ஆர் பிரிவு. எழுத்துத் தேர்வும் உண்டு, தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. படகுக்கும் தனியாகத் தகுதிச் சான்றிதழ். தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும் என்பதற்கு மிதவைச் சான்றிதழ் கேட்பார்கள். விற்பவரிடம் இந்தக் காகிதங்களை முதலிலேயே கேளுங்கள். "அதெல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில் என்று அர்த்தம், அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டிரெய்லர் இன்னொரு கணக்கு. படகு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 750 கிலோவுக்குள் என்றால் சாதாரண கார் லைசென்ஸ் போதும். அதைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் வேண்டும், உங்களிடம் கனமான டிரெய்லர் இழுப்பதற்கான ஈபி லைசென்ஸ் இருக்க வேண்டும். சின்ன அலுமினியப் படகு அந்த எல்லைக்குள் அடங்க வாய்ப்பு உண்டு. ஆறு மீட்டர் பான்டூன் நிச்சயம் அடங்காது. மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹோவிக் ஏற்றம் சும்மா இல்லை. இறங்கி வரும்போது பின்னால் ஒரு டன்னுக்கு மேல் தள்ளிக்கொண்டு வரும்.

---

மஹேபூர்க் தம்பி (மொரிஷியஸ்)

இங்கிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்களுக்குப் பவளத்திட்டுக்கு உள்ளே அமைதியான தண்ணீர் இருப்பதால் தட்டையான படகுகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் குளிர்மாதங்களில் தென்கிழக்குக் காற்று நாள் கணக்கில் அடிக்கும். எங்கள் கிழக்குப் பக்கம் அப்போது கூரை போட்ட படகுகள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அணைக்காரர் காற்றைப் பற்றிச் சொன்னது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும். உப்புத்தண்ணீரில் ஓடிய பான்டூன் என்றால் குழாய்களை இரட்டிப்புக் கவனமாகப் பாருங்கள், அலுமினியத்துக்குப் பதிலாக அரிபடுவதற்கென்று பொருத்தும் துத்தநாகத் துண்டுகள் தேய்ந்து போய் மாற்றாமல் விட்டிருந்தால் அலுமினியத்தை அரித்திருக்கும்.

---

ஆல்பர்ட் பால்ஸ் பாஸ்

அக்கா சொன்னது நியாயம். அம்மாவோடு ஆறு பேரும் போவதுதான் நோக்கம் என்றால் நாலரை மீட்டரில் ஆறு பேர் ஏறக்கூடாது, அது பாதுகாப்பும் இல்லை. படகின் தகட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நான் தூண்டிலை வைத்து மட்டும் பேசினேன், நீங்கள் குடும்பத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் பான்டூனை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன், பழைய பான்டூன்களை வெல்டிங் செய்யும் இடத்தில் எனக்குப் பழக்கம் உண்டு.

முதலில் குழாய்கள். நல்ல பான்டூனில் ஒவ்வொரு குழாயும் உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும், ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். படகு டிரெய்லரில் இருக்கும்போது கையால் தட்டிப் பாருங்கள். காலியான அறை கணீரென்று ஒலிக்கும், தண்ணீர் உள்ளது மந்தமாக ஒலிக்கும். தண்ணீரில் நிற்கும்போது தூரத்திலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு வெல்டு. தளத்தைத் தாங்கும் தாங்கிகள் குழாயோடு சேரும் இடம்தான் முதலில் விரிசல் விடும். டிரெய்லர் பலகை உரசிய அடிப்பக்கத்தையும் படுத்துப் பாருங்கள்.

தளம் பெரும்பாலும் பிளைவுட். கம்பளத்தின் மேல் நடந்து பாருங்கள், எங்கேயாவது காலுக்கு அடியில் மெத்தென்று இருந்தால் பலகை ஊறிப்போயிருக்கிறது. எஞ்சின் மாட்டியிருக்கும் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

மாமனாருக்காக முன்கதவைக் கழற்றக்கூடியதாக மாற்றி, கம்பிக்கு முன்னால் உள்ள தளத்தில் ஒரு சுழல் இருக்கை போடுங்கள். படகு ஓடும்போது மட்டும் யாரும் அங்கே உட்காரக் கூடாது, விழுந்தால் நேராக இரண்டு குழாய்க்கும் நடுவே போய் எஞ்சினுக்கு அடியில் வருவார்கள். இது விளையாட்டு இல்லை, பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

---

சாட்ஸ்வொர்த் அக்கா

இந்தத் தம்பி எழுதியதை நானே எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விற்பவர் அமைதியான காலை நேரத்தில் ஓட்டிக் காட்டத்தான் விரும்புவார். நீங்கள் மதியம் மூன்று மணிக்குக் கேளுங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள். லைஃப் ஜாக்கெட் உங்கள் பிள்ளைகளின் எடைக்கு ஏற்றதை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள், படகோடு வரும் பழையது பெரியவர் அளவாகத்தான் இருக்கும்.

இனாண்டா அணைக்கும் போவீர்கள் என்றால், அங்கே ஆகாயத்தாமரை மிதந்து வரும் நாட்களில் வேண்டாம். இரண்டு குழாய்க்கும் நடுவே செடி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் தண்ணீர் இழுக்கும் துளையும் அடைபட்டுச் சூடேறும்.

---

வால் அணைக்காரன்

ஜோசினியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே நீர்யானையும் முதலையும் உண்டு. டைகர் மீன் இயற்கையாக வாழும் தெற்கு எல்லையும் அதுதான், அதனால் ஆசை புரிகிறது. உயரமான தளமும் கம்பியும் உள்ள பான்டூன் குடும்பத்துக்கு அங்கே நிம்மதி தரும், ஆனால் கை காலைத் தண்ணீரில் தொங்கவிடுவதோ நீந்துவதோ கூடவே கூடாது. டைகர் மீனுக்குத் தூண்டில் நரம்பு நுனியில் கம்பி கட்டாவிட்டால் பல்லால் அறுத்துவிடும். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து அவ்வளவு தூரம் பான்டூனை இழுப்பதைவிட அங்கேயே வழிகாட்டியோடு படகு எடுப்பது மேல் என்பது என் கருத்து.

---

மாரிட்ஸ்பர்க்வாசி

நேற்று மதியம் குடும்பத்தோடு மிட்மார் போய் பான்டூனை ஓட்டிப் பார்த்தோம். அக்கா சொன்னபடியே மூன்று மணிக்கு, கொஞ்சம் காற்றோடு. அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார், இறங்கவே மனம் இல்லை. மாமனார் முன்னால் நின்று வீசிப் பார்த்தார். கம்பி இடைஞ்சல்தான், ஆனால் கதவைக் கழற்றினால் சமாளிக்கலாம் என்கிறார். துறைக்குத் திரும்பும்போது கூரையை மடக்கினோம், அணைக்காரர் சொன்ன வித்தியாசம் கையிலேயே தெரிந்தது.

வீட்டில் எல்லோருக்கும் பான்டூன்தான் என்று ஆகிவிட்டது. ஒரே சிக்கல். டிரெய்லரில் ஏற்றியதும் தட்டிப் பார்த்தேன். இடது குழாயின் கடைசி அறை மந்தமாக ஒலிக்கிறது. விற்பவர் "மழைத்தண்ணீர் கொஞ்சம் வியர்த்திருக்கும்" என்கிறார். காகிதங்கள் சரியாக இருக்கின்றன. வாங்கலாமா, விடவா?

---

ஆல்பர்ட் பால்ஸ் பாஸ்

மூடிய அறைக்குள் மழைத்தண்ணீர் போக வழி இருந்தால் அணைத் தண்ணீர் போகவும் வழி இருக்கிறது. விட வேண்டியதில்லை, ஆனால் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

அந்த அறையின் அடியில் வடிகால் திருகு இருந்தால் கழற்றி எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு அந்த அறைக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து வெளியே சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அழுத்தம் கூடினால் குழாயே பிதுங்கிவிடும், அதனால் கார் டயர் பம்ப்பை வைத்து நீங்களே செய்ய வேண்டாம். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வெல்டு ஓரத்தில் நூல் மாதிரி விரிசல் என்றால் சின்ன வேலை. அரிப்பினால் பல இடத்தில் ஊசித் துளை என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள், இன்று ஒன்றை அடைத்தால் நாளை பக்கத்தில் திறக்கும்.

---

டோங்காட் கடலோடி

வெல்டிங் செலவை விற்பவர் ஏற்பதாக எழுத்தில் வாங்குங்கள். சரிசெய்த பிறகு படகை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் கட்டி வைத்து, காலையில் டிரெய்லரில் ஏற்றி மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஈபி லைசென்ஸுக்கு இப்போதே பதிந்துவிடுங்கள் தம்பி, தேதி கிடைப்பதற்குள் கோடை பாதி போய்விடும். மாமனார் டிசம்பரில் ஷாட் தடை முடிந்ததும் டோங்காட் பக்கம் வரட்டும், கரையிலிருந்து வீச நல்ல இடம் காட்டுகிறேன்.